பதினான்காம் பாலத்தில் பாக்கி நிற்கும் காபி

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வாசலில் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தேன். டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸில் தொலைபேசி கிடையாது. அவசரம் என்றால் அலுவலகத்திலிருந்து கீழ்வீட்டு சர்மாஜிக்குத்தான் கூப்பிடுவார்கள். அவர் பனியனோடு வெளியே வந்து, என் தோளைத் தொட்டு, பெருமாள் போய்விட்டார் என்று இந்தியில் மெதுவாகச் சொன்னார்: "பேட்டா, பெருமாள்ஜி நஹீ ரஹே."

அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது. அதை அணைக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. சர்மாஜிதான் கையை நீட்டி சாவியைத் திருப்பினார்.

நான் பெருமாள் அவர்களைப் பார்க்கத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருந்தேன். சட்டைப் பையில் ஒரு டெலெக்ஸ் தாள் இருந்தது. அதை அவருக்குப் படித்துக் காட்டுவதாக இருந்தேன். அது புதன்கிழமையே வந்த தாள். புதனுக்கும் சனிக்கும் இடையில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதைச் சொல்லாமல் இந்த அஞ்சலியை எழுத எனக்கு வராது. நம் சங்க இதழுக்கு ஒரு பக்கம் போதும், நல்லதாக நாலு வார்த்தை எழுதுங்கள் என்றார்கள். நல்லதாக எழுதத் தெரிந்தவர்கள் வேறு இருக்கிறார்கள். நடந்ததைத்தான் என்னால் எழுத முடியும்.

ஆறுமுகப்பெருமாள் அவர்கள் எங்கள் அலுவலகத்தில் சர்வேயர். அம்பாசமுத்திரத்துக்காரர். கோல் மார்க்கெட்டின் பழைய குவார்ட்டர்ஸ் ஒன்றில் பதினெட்டு ஆண்டுகள் இருந்தார். ஒரே மகளைத் திருநெல்வேலியில் கட்டிக்கொடுத்துவிட்டு, அவரும் மனைவி செண்பகம் அவர்களுமாக இருந்தார்கள். ஐம்பதாவது வயதைத் தொடவில்லை. கறுப்பு, உயரம், குளிர்காலத்தில் காதைச் சுற்றி மப்ளர். அவரைத் தெரியாதவர்களுக்கு இது போதும். தெரிந்தவர்கள் இன்னொன்றையும் சொல்வார்கள்: எங்கே உட்கார்ந்தாலும் அவரை எழுப்புவது கஷ்டம்.

எங்கள் அலுவலகத்துக்கு எத்தியோப்பியாவில் ஒரு சாலை வேலை கிடைத்திருந்தது. தலைநகரிலிருந்து வடக்கே போகும் பெரிய சாலையை விட்டுப் பிரிந்து, மலை மேல் ஏறி, பள்ளத்தில் இறங்கி, மறுபடியும் ஏறிப் போகிற தடம் அது. கோவேறு கழுதை போகும் தடம், அவ்வளவுதான். அதைப் பேருந்து போகும் சாலையாக்க வேண்டும். குறுக்கே இருபத்தொரு ஓடைகளும் ஆறுகளும். அதில் பதினான்காவது பெரியது. ஆற்றுக்குப் பெயர் இருந்தது. ஆனால் எங்கள் கோப்பில் அது 'பதினான்கு'தான்.

அந்த நாட்டுக்கு பெருமாள் அவர்கள் நான்கு முறை போனார். ஐந்தாவதுக்குப் பெட்டி கட்டி வைத்திருந்தார். முதல் இரண்டு முறை நான் வேலையிலேயே சேரவில்லை. மூன்றாவதிலும் நான்காவதிலும் நான் உடன் போனேன். நான் இன்ஜினீயர், அவர் என் கீழே. எனக்கு இருபத்தாறு வயது. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். என்னுடைய தமிழ் வீட்டுத் தமிழும் பள்ளிக்கூடத் தமிழும் கலந்தது. அவரை 'பெருமாள்' என்று பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். ரொம்ப மரியாதை தோன்றினால் 'பெருமாள்ஜி'. அவர் என்னை அலுவலகத்தில் 'சார்' என்பார். விமானம் ஏறியதும் அந்த 'சார்' காணாமல் போய்விடும். மலையில் நான் 'தம்பி'. திரும்பி டெல்லியின் பாலம் விமான நிலையத்தில் வந்து இறங்கினால் மறுபடியும் 'சார்'. இதை நான் கவனித்தேன், கேட்டதில்லை.

முதல் நாளே அவரைப் பற்றி எனக்கு எரிச்சல் வந்தது. ஜீப்பில் ஒரு நாளில் போக வேண்டிய தூரத்தை நாங்கள் மூன்று நாளில் போனோம். வழியெல்லாம் அவரை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யூகலிப்டஸ் தோப்பில் விறகு சுமந்து வந்த பெண்கள், வெள்ளைத் துப்பட்டி போர்த்திய கிழவர்கள், தானிய மூட்டையோடு நடந்தவர்கள், எல்லாரும் வண்டியைக் கண்டதும் கை காட்டுவார்கள். அவர் இறங்குவார். அந்த ஊர் வழக்கப்படி தோளோடு தோள் இடித்து, எப்படி இருக்கிறாய், வீடு எப்படி, மாடு எப்படி என்று கேட்பார். அவர்கள் பாஷை அவருக்குக் கொச்சையாக வந்தது. இந்தியைவிட நன்றாகவே வந்தது.

"பெருமாள், மாடு எப்படி இருந்தா நமக்கென்ன? ஜல்தி வாங்க" என்பேன்.

"அவன் நம்ம வீட்டு மாட்டக் கேக்கான்லா தம்பி. நாம கேக்காம வந்தா நல்லாருக்குமா?"

"உங்க வீட்டுல ஏது மாடு?"

"கோல் மார்க்கெட்ல நிக்கே ஒண்ணு, வாசல மறிச்சிக்கிட்டு. அதச் சொல்லிருக்கேன். சுகமா இருக்குன்னேன்."

ஒரு சோதனைச் சாவடியில் ராணுவக்காரர்கள் எங்களை நிறுத்தினார்கள். அங்கே ராஜா போய் ராணுவ ஆட்சி வந்திருந்த காலம். எங்கள் மட்டக் கருவியின் மூன்று கால் தாங்கியும் தொலைநோக்கியும் அவர்களுக்கு ஆயுதமாகவே தெரிந்தன. நான் அனுமதிக் கடிதத்தை நீட்டி, ஆங்கிலத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பையன் துப்பாக்கியை என் மார்புக்கு நேரே வைத்தான். பெருமாள் அவர்கள் என்ன செய்தார் தெரியுமா? நிதானமாகப் பெட்டியைத் திறந்து, கருவியை நிறுத்தி, மட்டம் பார்த்து, அவர்களுடைய மேலதிகாரி நின்ற திசைக்குத் திருப்பி, துப்பாக்கிக்காரனைப் பார்க்கச் சொன்னார். எங்களுடையது பழைய கருவி. அதில் உருவம் தலைகீழாகத்தான் தெரியும். மேலதிகாரி தலையை ஊன்றி வானத்தில் கால் வைத்து நடந்து வருவதை அந்தப் பையன் பார்த்தான். அவன் சிரித்த சிரிப்பில் துப்பாக்கி கீழே போயிற்று. பிறகு ஒவ்வொருவராக வரிசையில் நின்று பார்த்தார்கள், கடைசியில் அந்த அதிகாரியும். அன்று ஒன்றரை மணி நேரம் போயிற்று. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உயிர் பிழைத்ததற்கு ஒரு நன்றி சொல்லவில்லை.

பதினான்காம் ஆற்றங்கரையில் தெஸ்ஸெமா என்பவரின் வீடு இருந்தது. மண் சுவர், வைக்கோல் கூரை. மனைவி பெயர் அல்மாஸ். மகள் ஹிருத், அப்போது ஐந்தாறு வயது இருக்கும். பெருமாள் அவர்கள் முதல் முறை போனபோதே அந்த வீட்டில் காபி குடித்தவர்.

அந்த ஊர்க் காபியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் வீட்டில் டம்ளரை நீட்டுவதுபோல நீட்டிவிட மாட்டார்கள். தரையில் பச்சைப் புல்லைப் பரப்பி, சாம்பிராணி போட்டு, பச்சைக் கொட்டையை அப்போதுதான் வறுத்து, இடித்து, கழுத்து நீண்ட கரிய மண் கூஜாவில் கொதிக்க வைப்பார்கள். கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணத்தில் முதல் சுற்று. அதே தூளில் தண்ணீர் ஊற்றி இரண்டாவது. மறுபடியும் ஊற்றி மூன்றாவது. மூன்றாவதை அவர்கள் 'ஆசி' என்று சொல்கிறார்கள். அதைக் குடிக்காமல் எழுந்து போகக் கூடாது. மொத்தம் இரண்டு மணி நேரம் ஆகும். மூன்றாவதில் சுவையே இருக்காது, வெந்நீர்தான். நான் முதல் கிண்ணத்திலேயே எழுந்துவிடுகிற ஆள்.

பெருமாள் அவர்களுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. எங்களிடம் நான்கு மீட்டர் தேக்கு மட்டக்கோல் ஒன்று உண்டு. மட்டம் பார்க்கும்போது தூரத்தில் ஒருவர் பிடித்து நிற்பார். அதன் மேல் கறுப்பும் சிவப்புமாக அளவுக் கோடுகள். போகிற வீடுகளிலெல்லாம் பிள்ளைகளை அந்தக் கோலோடு ஒட்டி நிற்க வைத்து உயரம் பார்ப்பார். பார்த்ததை அரசாங்க அளவுப் புத்தகத்தில், 'குறிப்புகள்' என்ற கட்டத்தில் எழுதுவார். 'ஹிருத், 0.84.' அடுத்த முறை, 'ஹிருத், 0.97.' நான் போன முறை, 1.03.

"பெருமாள், இது லெவல் புக்கா, நர்சரி ஸ்கூல் ரிஜிஸ்டரா?"

"கட்டம் சும்மாதான தம்பி கெடக்கு."

அன்று எங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு எண். அந்த ஆற்றில் இதுவரை வந்த பெரிய வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது? பாலத்தின் உயரம் முழுக்க அந்த எண்ணை வைத்துத்தான். அங்கே அளவுக் கம்பமோ பழைய பதிவோ எதுவும் கிடையாது. கரையில் இருப்பவர்களைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். முதல் கிண்ணம் முடிந்ததும் தெஸ்ஸெமாவிடம் கேட்டேன். எங்கள் ஓட்டுநர் கெப்ரே மொழிபெயர்த்தார். தெஸ்ஸெமா கரையில் ஒரு பாறையைக் காட்டினார். அதில் வெள்ளக் கறை இருந்தது. மட்டம் எடுத்தேன், எழுதினேன், ஜீப்பில் ஏறிவிட்டேன். பெருமாள் அவர்கள் எழுந்திருக்கவில்லை. நான் ஹாரன் அடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அடித்தேன். மூன்றாவது முறை அடித்தபோது, அவரும் தெஸ்ஸெமாவும் வீட்டிலிருந்து வெளியே வந்து, என் பக்கம் திரும்பாமல் மேட்டில் இருந்த அத்தி மரத்தை நோக்கி நடப்பதைப் பார்த்தேன். பெருமாள் அவர்கள் கையில் மட்டக்கோல் இருந்தது.

திரும்பி வந்தபோது அவர் முகம் நன்றாக இல்லை.

"தம்பி, பாறை இல்ல. அத்தி மரம். ரெண்டாவது கிளை. பாறையவிட ரெண்டு மீட்டருக்கு மேல வருது."

"அவர்தானே பாறையைக் காட்டினார்?"

"அது வருசா வருசம் வாரது. இது ஒரு தடவ வந்தது. மூத்த பிள்ள ஒண்ணு இருந்துருக்கு தம்பி. ஆறு கொண்டுட்டுப் போயிருச்சு. வெள்ளம் வடிஞ்ச பொறவு அதோட துப்பட்டி அந்தக் கிளையில மாட்டிக் கெடந்துருக்கு. எத்தன வருசமா இந்த வீட்டுல காப்பி குடிக்கேன், இன்னைக்குத்தான் சொன்னாரு."

அவர் புத்தகத்தை நீட்டினார். வெள்ள மட்டத்துக்குக் கீழே, குறிப்புக் கட்டத்தில், 'தெஸ்ஸெமாவின் மூத்த மகள், 1.08' என்று எழுதியிருந்தது. பிள்ளை எவ்வளவு உயரம் என்று தெஸ்ஸெமா கையால் காற்றில் காட்டியிருக்கிறார். அந்தக் கைக்குப் பக்கத்தில் இவர் கோலை நிறுத்தி அளவு பார்த்திருக்கிறார்.

அப்போது நான் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன். "இது வெள்ள மட்டமா, ஒப்பாரியா? துணியைக் காற்றுகூடத் தூக்கிப் போட்டிருக்கும்" என்றேன்.

பெருமாள் அவர்கள் கோபப்படவில்லை. "பெத்தவன் அந்த எடத்தத் தப்பாக் காட்டுவானா தம்பி?" என்று மட்டும் கேட்டார். பிறகு வண்டியில் ஏறி மப்ளரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

டெல்லிக்கு வந்து என் பாறை மட்டத்தை வைத்தே வரைபடம் போட்டேன். மூன்று வாரம் வரைபலகையில் குனிந்து செய்த வேலை. தலைமைப் பொறியாளர், வெள்ளைத் தாடிக்கார சர்தார்ஜி, அளவுப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் படித்தார். அத்தி மரத்தைக் கண்டார். பெருமாள் அவர்களைக் கூப்பிட்டார்.

"பெருமாள்ஜி, யே பேட் வாலா லெவல், பக்கா?"

"பக்கா சாப். பாப் நே போலா."

மர மட்டம் உறுதிதானா என்று கேட்டால், உறுதி, தகப்பன் சொன்னான் என்கிறார். ஒரு பொறியியல் அலுவலகத்தில் இதுவா ஆதாரம் என்று நான் வாயைத் திறந்தேன். சர்தார்ஜி கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். "ஊஞ்சா கரோ" என்றார். இரண்டு மீட்டர் உயர்த்து. என் மூன்று வார வேலை குப்பைக்குப் போயிற்று. தாங்கு தூண்கள், அணுகு சாலை, எல்லாமே மறுபடியும். இருக்கைக்குத் திரும்பும் வழியில் பெருமாள் அவர்கள், "சார், டீ சொல்லட்டுமா?" என்றார். நான் நடையை எட்டிப் போட்டேன். அவர் மேல் ஏறிய அந்தக் கோபக் காய்ச்சல் எனக்கு அப்புறம் இறங்கவே இல்லை.

நான்காவது முறை நாங்கள் போனபோது சாலை பாதி வந்துவிட்டது. முன்பு மூன்று நாள் எடுத்த தூரம் இப்போது ஒரு நாள். மழை முடிந்த மாதம். மலையெல்லாம் மஞ்சள் பூ. ஆற்றில் தூண்கள் எழுந்து நின்றன. "பாத்தியளா தம்பி, நெடுநெடுன்னு நிக்குதானுவ" என்றார். நான் கான்கிரீட்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெஸ்ஸெமா வீட்டில் புல் விரித்தார்கள். நானும் அன்று உட்கார்ந்தேன், வேறு வழியில்லை. முதல் சுற்று முடிந்ததும் ஹிருத் தானாகவே ஓடி வந்து கோலை ஒட்டி நின்றாள். பெருமாள் அவர்கள் குனிந்து பார்த்தார். 1.16.

தெஸ்ஸெமா ஏதோ கேட்டார். கெப்ரே அதை மொழிபெயர்க்கவில்லை. பெருமாள் அவர்களுக்குப் புரிந்துவிட்டது. அவர் கோலில் கொஞ்சம் கீழே, 1.08 என்ற கோட்டில், விரலை வைத்தார். தங்கை அக்காவைத் தாண்டிவிட்டாள். அல்மாஸ் எழுந்து வந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். ஹிருத்தைப் பார்த்தார். பிறகு போய் உட்கார்ந்து இரண்டாவது சுற்றுக்குக் கூஜாவைச் சாய்த்தார். சாம்பிராணிப் புகை மட்டும் போய்க்கொண்டிருந்தது.

எனக்கு அந்த மௌனத்தில் உட்காரத் தெரியவில்லை. எழுந்து ஜீப்புக்குப் போனேன். அடுத்த முகாமுக்குப் பொழுதோடு போய்ச் சேர வேண்டும் என்று காரணம் வைத்திருந்தேன். ஹாரன் அடித்தேன். விடாமல் அடித்தேன்.

இந்த முறை பெருமாள் அவர்கள் எழுந்து வந்துவிட்டார். மூன்றாவதைக் குடிக்கவில்லை. வாசலில் நின்று தெஸ்ஸெமாவின் இரண்டு கைகளையும் பிடித்து ஏதோ சொன்னார். வண்டியில் ஏறியதும், கேட்காமலே, எனக்கும் சொன்னார்: "பாலம் தெறந்த பொறவு வந்து மூணாவது குடிக்கேன்னு சொல்லிருக்கேன் தம்பி. அடுத்த தடவ ஆரன் அடிக்காதிய, என்ன?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

பாலம் திறந்தது. முடித்த வேலையைச் சரிபார்க்க ஒரு குழு இந்த நவம்பரில் போக வேண்டும். நான்கு பெயர்ப் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பழைய பட்டியலில் மூன்றாவதாக 'ஆறுமுகப்பெருமாள்' என்று இருந்தது. நான் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டேன். ஓரத்தில் 'களப்பணியில் வேகம் குறைவு' என்று எழுதினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. காய்ச்சல் இருந்தது என்றேனே, அதுதான்.

பட்டியல் அறிவிப்புப் பலகைக்கு வந்த அன்று, அவர் அதன் முன்னே நின்று ஒரு முறைக்கு இரண்டு முறை படித்ததை நான் என் இருக்கையிலிருந்து பார்த்தேன். பிறகு நேரே என்னிடம் வந்தார். வந்துவிட்டாரே என்று இருந்தது எனக்கு.

"சார், நீங்க போறியள்லா?"

"ஆமா."

"அப்பம் சரி" என்றார். போய்விட்டார்.

அடுத்த மாதம் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அலுவலகத்தில் எல்லாரும் போய்ப் பார்த்தார்கள். நான் போகவில்லை. இன்று, நாளை என்று இருந்தேன். எதையும் தள்ளிப் போடாதவன் நான். ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னால் நிற்கிறவன், பிறர் வாக்கியத்தை முடிக்குமுன் பதில் சொல்கிறவன். வாழ்க்கையில் தள்ளிப் போட்டது இது ஒன்றைத்தான்.

புதன்கிழமை அங்கிருந்து டெலெக்ஸ் வந்தது. இந்த மழையில் பதினான்காம் ஆற்றில் யாரும் கண்டிராத வெள்ளம். தண்ணீர் பாலத்தின் உத்தரத்துக்கு நாற்பது சென்டிமீட்டர் கீழே வரை வந்து, இரண்டு நாள் நின்று வடிந்தது. பாலத்துக்குச் சேதமில்லை. வெள்ளத்தின்போது அக்கரைக் கிராமத்து ஆட்களும் மாடுகளும் அதன் மேல்தான் இக்கரைக்கு வந்து சேர்ந்தார்கள்.

கணக்கு எனக்குத் தெரியும். என் பாறை மட்டத்தில் கட்டியிருந்தால் உத்தரத்துக்கு மேலே ஒன்றரை மீட்டர் தண்ணீர் ஓடியிருக்கும். உத்தரமே போயிருக்கும், அதன் மேல் இருந்தவர்களோடு. நான் அந்தத் தாளை நாலு முறை படித்தேன். சட்டைப் பையில் வைத்தேன். எழுந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். அரை மணி நேர வழி. என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வியாழன் போயிற்று. வெள்ளி போயிற்று. சனிக்கிழமை விடுமுறை, சாவகாசமாக உட்கார்ந்து பேசலாம் என்று முடிவு செய்தேன். நான், சாவகாசமாக.

மற்றதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். யமுனைக் கரையில் நிகம்போத் காட் சுடுகாட்டில் சிதை எரியும்போதும் அந்தத் தாள் என் பையில்தான் இருந்தது.

பதினாறாம் நாள் முடிந்தபின் கோல் மார்க்கெட் வீட்டுக்குப் போனேன். அலமாரி மேல் கரிய மண் கூஜா ஒன்று இருந்தது. அவர் இரண்டாவது முறை போனபோது விமானத்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததாம். "இந்தக் கரிச்சட்டிய எதுக்குத் தூக்கிட்டு வந்தியன்னு நான் ஏசாத நாள் கெடையாது" என்றார் செண்பகம் அவர்கள். பிறகு உள்ளே போய், பழுப்புக் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொண்டு வந்தார். பிரித்துக் காட்டினார். மஞ்சள் கம்பளி ஸ்வெட்டர். அதன் மேலே ஒரு துண்டுச் சீட்டு, அந்த ஊர் எழுத்தில், பெருமாள் அவர்கள் கையால் எழுதியது. அந்த ஊர்க் கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து எழுத்துக்கூட்டக் கற்றிருந்தேன். ஹிருத் என்று இருந்தது.

"போன குளிருல வெயில்ல உக்காந்து பின்னுனேன். நான் பாக்காத பிள்ள, எப்படிப் பின்ன? அவிய ஒரு புஸ்தகத்தப் பாத்து, வருசத்துக்கு இம்புட்டு வளருது, இந்த நவம்பருக்கு இம்புட்டு இருக்கும்னு கணக்குப் போட்டுச் சொன்னாவ. ரெண்டு தடவ பிரிச்சு மறுபடியும் பின்ன வச்சாவ."

"உங்களுக்கு... அந்தப் பட்டியல் வந்தது தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும். சொன்னாவ. ரெண்டு நா சரியாச் சாப்பிடல. தம்பி என்ன செய்வாரு, மேலருந்து வந்துருக்கும், அவரு போறாருல்லா, அவரு கையில குடுத்துவிடுவோம்னாவ."

நான் தலையை ஆட்டினேன். பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொல்ல அங்கேயும் வாய் வரவில்லை. படி இறங்கி வந்துவிட்டேன்.

செண்பகம் மதினி, நீங்கள் இந்த இதழைப் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அது மேலிருந்து வரவில்லை. அவர் பெயரை அடித்தது நான்தான். அதை நேரில் சொல்லத் தைரியம் இல்லாமல் அச்சில் சொல்கிறேன். நாளையோ மறுநாளோ வந்து உங்கள் முன்னால் நின்றும் சொல்கிறேன். நீங்கள் ஏசினால் கேட்டுக்கொள்கிறேன். கதவைச் சாத்தினாலும் அது நியாயம்தான்.

பெருமாள் அவர்களின் அளவுப் புத்தகம் இப்போது என் மேசை மேல் இருக்கிறது. பக்கம் பக்கமாக மட்டங்கள், தூரங்கள், சின்னச் சின்ன எழுத்தில். கடைசிப் பக்கத்தில் குறிப்புக் கட்டத்தில் பென்சிலால் ஒரு வரி: 'ஹிருத், நவம்பர்' என்று எழுதி, எதிரே எண் போடாமல் விட்டிருக்கிறார். அந்த எண்ணை நான் போய்த்தான் எழுத வேண்டும். மட்டக்கோலை உறையில் கட்டி வைத்துவிட்டேன். ஸ்வெட்டர் என் பெட்டியில் இருக்கிறது, டெலெக்ஸ் தாளும் அதோடு. தெஸ்ஸெமாவுக்கு அதைக் கெப்ரே படித்துச் சொல்லட்டும். பெருமாள்ஜி, நீங்கள் எங்கே என்று அவர் கேட்பார். அதற்கு நானே பதில் சொல்ல வேண்டும். எந்தச் சுற்றில் சொல்வது என்று தெரியவில்லை. இதையெல்லாம் முதல் கிண்ணத்தில் சொல்ல முடியாது என்பது மட்டும் தெரிகிறது.

அல்மாஸ் புல் விரிப்பார். எத்தனை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். உங்களுக்கு வைத்த மூன்றாவதை நீங்கள் குடிக்காமல் நான் எழுந்து வர மாட்டேன். உங்கள் கிண்ணத்தை உங்கள் இடத்தில் வைக்கச் சொல்கிறேன்.

போய் வாருங்கள், அண்ணாச்சி. இந்த முறை ஹாரன் அடிக்க வண்டியில் யாரும் இல்லை.